சென்னையில் சல்சா எங்கே கற்பது, எங்கே ஆடுவது?

கேட்டிருப்பது இதுதான்: சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை, வயது முப்பதைத் தாண்டிவிட்டது, இதுவரை ஆடிப் பழக்கமில்லை, கூட வர ஜோடியும் இல்லை. சென்னையில் நல்ல சல்சா வகுப்பு எது, எந்த பப்பில் எந்தக் கிழமை சல்சா இரவு நடக்கிறது, ஒரு பட்டியல் கிடைக்குமா?

பட்டியல் போட்டுத் தரலாம். ஆனால் ஆறு மாதத்தில் அது பழைய காலண்டர் ஆகிவிடும். இந்த ஊரில் சல்சா இரவு என்றால் ஒரு ஆசிரியர், அவரிடம் கற்றவர்கள், அவர்களுடைய நண்பர்கள், இவர்கள் சேர்ந்து ஒரு பாரை ஒரு மாலைக்குப் பேசி எடுத்து ஆடுவது. ஓட்டல் மாறும், கிழமை மாறும், சில சமயம் பாரின் பெயரே மாறிவிடும். கூட்டம் மட்டும் அப்படியே அடுத்த இடத்துக்குப் போய்விடும். அதனால் இடத்தைத் தேடாதீர்கள், ஆட்களைத் தேடுங்கள். நல்ல வகுப்பு ஒன்றில் சேர்ந்தால் அதன் வாட்ஸ்அப் குழுவே உங்களுக்குக் கிழமை, நேரம், நுழைவுக் கட்டணம் எல்லாம் சொல்லிவிடும். வகுப்பு, இரவு என்று கேள்வியை இரண்டாகக் கேட்டிருக்கிறீர்கள். சென்னையைப் பொறுத்தவரை முதலாவது கிடைத்தால் இரண்டாவது தானாகக் கிடைக்கும்.

சல்சா இரவுகள் ஏன் நிலைப்பதில்லை என்று தெரிந்தால் தேடுவது சுலபம். தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் இருக்கிறது. தனியார் பார் என்றால் பெரும்பாலும் ஓட்டலுக்கான எஃப்.எல்.3 உரிமம், அல்லது உறுப்பினர் கிளப்புக்கான எஃப்.எல்.2. பெங்களூரு இந்திராநகர் மாதிரி தெருவுக்குத் தெரு பப் முளைக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம். நாம் பப் என்று சொல்வது அனேகமாக ஏதாவது ஒரு ஓட்டலின் முதல் மாடி, அல்லது பின்கட்டு, அல்லது மொட்டைமாடி. ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி, ஒருகாலத்தில் ஜெமினி ஸ்டூடியோ இருந்த மனையில் நிற்கும் தி பார்க் ஓட்டலின் பாஷா ஆகட்டும், தி.நகர் ரெசிடென்சி டவர்ஸின் பைக் அண்ட் பேரல் ஆகட்டும், எல்லாம் ஓட்டல் கூரைக்குக் கீழேதான். இடங்கள் குறைவு. ஓட்டல்காரருக்கு வாடகையும் உரிமக் கட்டணமும் அதிகம். அதை அவர் பாட்டில் விற்றுத்தான் எடுக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. சல்சா ஆடுகிறவர்கள் குடிப்பதில்லை. ஒழுக்கம் என்றெல்லாம் இல்லை. இரண்டு பெக் உள்ளே போனால் மூன்றாவது சுழற்சியில் சுவர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஒரு லைம் சோடாவை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் ஆடுவார்கள், நடுநடுவே தண்ணீர் கேட்பார்கள். தரை நிறைந்திருக்கிறது, கல்லா காலியாக இருக்கிறது என்றால் எந்த மேனேஜர் பொறுத்துக்கொள்வார்? அதனால் வெள்ளியும் சனியும் சல்சாவுக்குக் கிடைப்பது அபூர்வம். கூட்டம் இல்லாத செவ்வாய், புதன், வியாழன், இல்லையென்றால் ஞாயிறு சாயங்காலம் கிடைக்கும். கொஞ்ச நாள் நன்றாக ஓடும். பிறகு மேனேஜர் மாறுவார், அல்லது அதே கிழமையில் லேடீஸ் நைட் போட்டால் வரும்படி கூடும் என்று யாராவது கணக்குச் சொல்வார்கள், அதோடு முடிந்தது. ஐபிஎல் மாதங்களில் பாரின் பெரிய திரைக்குத்தான் முதல் மரியாதை. சேப்பாக்கத்தில் மேட்ச் இருக்கும் அன்று சல்சா என்ற பேச்சே எடுக்கக் கூடாது. இப்படி ஒரு இடம் தொடர்ந்து நடக்க வேண்டுமானால் நாமும் ஏதாவது வாங்க வேண்டும். மது வேண்டாம், ஒரு பிளேட் சிக்கன் சிக்ஸ்டிஃபைவ் போதும். இலவசத் தண்ணீரிலேயே இரவை ஓட்டும் கூட்டத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

டிரை டே கணக்கும் தெரிந்திருக்கட்டும். திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், குடியரசு தினம், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாடி நபி, காந்தி ஜெயந்தி அன்றெல்லாம் பார் மூடியிருக்கும். ஜனவரி, பிப்ரவரிக்குள் மட்டும் மூன்று வந்துவிடும். அந்த நாட்களில் சோஷியல், அதாவது எல்லோரும் கூடி ஆடும் மாலை, ரத்தாகும், அல்லது ஸ்டூடியோவுக்கு மாறும். போகும் முன் குழுவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, அந்த ஆட்களை எப்படிப் பிடிப்பது? கூகுள் மேப்பில் போய்த் தேடினால் மூடிப் பல வருடமான ஸ்டூடியோக்கள் நாலரை நட்சத்திரத்தோடு மின்னும். இன்ஸ்டாகிராம்தான் இன்றைக்கு உண்மையான நோட்டீஸ் பலகை. சென்னை சல்சா, சென்னை பச்சாட்டா, சென்னை சோஷியல் டான்ஸ் என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். எஸ்.பி.கே. என்று போட்டிருந்தால் சல்சா, பச்சாட்டா, கிசோம்பா என்ற மூன்று ஜோடி நடனங்களும் ஓடும் மாலை என்று அர்த்தம். லேட்டின் நைட் என்று மட்டும் போட்டு, நடத்துகிற ஆசிரியரின் பெயரோ டிஜேயின் பெயரோ இல்லாவிட்டால் நம்ப வேண்டாம். நாலு ஸ்பானிஷ் ஹிட் போட்டுவிட்டு மற்றதெல்லாம் வழக்கமான டிஜே சரக்காக இருக்கும்.

ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கைப் பார்த்ததும் அவர்கள் போட்ட வீடியோவை விட்டுவிட்டு, மற்றவர்கள் அவர்களை டேக் செய்த படங்களுக்குப் போங்கள். சொந்தப் பதிவில் எல்லா ஸ்டூடியோவிலும் கூட்டம் அலைமோதும். டேக் செய்த படங்களில்தான் போன வாரம் எத்தனை பேர் வந்தார்கள், என்ன வயதுக்காரர்கள், புதியவர்கள் ஆடுகிறார்களா அல்லது சுவரோரம் நிற்கிறார்களா என்பது தெரியும். வீடியோவில் எப்போதும் அதே மூன்று ஜோடி மட்டும் ஆடினால் அது மேடைக் குழு. பலர் பலரோடு மாறி மாறி, கொஞ்சம் தப்பும் தவறுமாக ஆடினால் அங்கே போகலாம். கடைசி ஸ்டோரி எப்போது போட்டது என்பதையும் கவனியுங்கள். இரண்டு மாதமாகச் சத்தமில்லை என்றால் போன் செய்யாமல் கிளம்பாதீர்கள்.

சென்னையில் சல்சா பேச்சு எடுத்தால் சீக்கிரமே அடிபடும் பெயர்கள் ஜெஃப்ரி வார்டனின் ஹாட் ஷூ டான்ஸ் கம்பெனியும், அதோடு சேர்த்துச் சொல்லப்படும் சல்சா மெட்ராஸும். தேடலை அங்கிருந்து தொடங்கி, அவர்களோடு ஆடியவர்கள், கற்றவர்கள் யார் யார் தனியாக வகுப்பு எடுக்கிறார்கள் என்று கிளை பிடித்துப் போகலாம். மற்றபடி எந்தப் பெயரையும் நான் சிபாரிசு செய்யப் போவதில்லை. ஒரு ஸ்டூடியோவில் இந்த மாதம் யார் வகுப்பு எடுக்கிறார் என்பதுதான் முக்கியம், போர்டில் உள்ள பெயர் அல்ல.

ஜோடி நடனம் இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வால்ட்ஸும் ஃபாக்ஸ்டிராட்டும் ஜைவும் ஆடிய காலத்தில் சல்சா என்ற பெயரில் ஒரு நடனமே கிடையாது. பெரம்பூர், பரங்கிமலைப் பக்கத்துப் பெரியவர்கள் யாரையாவது கல்யாண வீட்டில் ஜைவ் ஆடப் பார்த்தால் கொஞ்சம் நின்று கவனியுங்கள். கையில் இழுபறி இல்லாமல் ஜோடியை எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்பதை நம் ஸ்டூடியோக்கள் பலவற்றை விட அங்கே நன்றாகக் கற்கலாம்.

வகுப்புக்கு வருவோம். சல்சா என்று போர்டு வைத்தால் உள்ளே சல்சாதான் என்று நினைக்காதீர்கள். ஜிம்மில் நடப்பது அனேகமாக சும்பா. கொலம்பியாவில் காலி என்ற பெயருள்ள நகரத்துக்காரர் பெட்டோ பெரெஸ் உருவாக்கிய உடற்பயிற்சி அது. அதில் சல்சா அடி இருக்கும், ஜோடி இருக்காது. வியர்வைக்கு நல்லது, சோஷியலில் உதவாது. இன்னொரு வகை கல்யாண ரிசப்ஷன் கோரியோகிராஃபி. ஒரு சினிமாப் பாட்டுக்கு மணமக்களை ஆடவைப்பார்கள். அந்தப் பாட்டு முடிந்தால் ஆட்டமும் முடிந்தது, வேறு ஆளோடு வேறு பாட்டுக்கு ஆட வராது. மூன்றாவது மேடைக் குழு. தூக்கிப் போட்டுப் பிடிப்பார்கள், பார்க்கப் பிரமாதமாக இருக்கும், ஆனால் எல்லாம் ஒத்திகை பார்த்தது. உங்களுக்கு வேண்டியது சோஷியல் டான்ஸ் வகுப்பு. முன்பின் தெரியாத ஒருவரோடு, கேட்டறியாத பாட்டுக்கு, பேசி வைத்துக்கொள்ளாமல் ஆடுவது எப்படி என்று சொல்லித்தருகிற இடம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு டிரயல் வகுப்பு போதும். ஜோடி மாற்றுகிறார்களா என்று முதலில் பாருங்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை ஆசிரியர் 'ரொட்டேட்' என்று குரல் கொடுக்க, எல்லோரும் அடுத்த ஆளிடம் நகர வேண்டும். தனியாக வருகிற உங்களுக்கு இதுதான் உயிர்நாடி. 'ஜோடியோடு வந்தால்தான் சேர்ப்போம்' என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம், வகுப்பின் கடைசியில் ஒரு முழுப் பாட்டைப் போட்டு, எண்ணிக்கை சொல்லாமல் எல்லோரையும் ஆடவிடுகிறார்களா? ஒரு மணி நேரமும் ஆசிரியரே கத்தி எண்ணிக்கொண்டிருந்தால் நீங்கள் அவர் குரலுக்குத்தான் ஆடப் பழகுவீர்கள், பாட்டுக்கு அல்ல. இன்னொன்றை நேராகவே கேளுங்கள்: 'நீங்கள் சோஷியலுக்குப் போவீர்களா? அடுத்தது எப்போது?' பதில் மழுப்பலாக வந்தால் அந்த வகுப்பு உங்களைக் கூட்டத்தோடு சேர்த்துவிடாது.

ஆன் ஒன், ஆன் டூ என்று சொற்கள் காதில் விழும். சல்சா எட்டு எண்ணிக்கை; ஒன்று, இரண்டு, மூன்றில் அடி வைத்து நான்கில் நிறுத்தம், ஐந்து, ஆறு, ஏழில் அடி வைத்து எட்டில் நிறுத்தம். முன்னே பின்னே திசை மாறும் அடியை ஒன்றில் வைத்தால் ஆன் ஒன், லாஸ் ஏஞ்சலிஸ் பாணி. இரண்டில் வைத்தால் ஆன் டூ, எடி டோரஸ் பரவச் செய்த நியூயார்க் பாணி. இரண்டிலும் ஜோடி ஒரே நேர்கோட்டில் இடம் மாறி மாறிப் போகும். கியூபாக்காரர்கள் காசினோ என்று ஆடுவது ஒருவரையொருவர் வட்டமாகச் சுற்றும். பல ஜோடிகள் வட்டமாக நின்று ஒருவர் கூப்பிடும் பெயருக்கு ஏற்ப ஆடி ஜோடி மாற்றுவது ரூயேதா. நம் ஊரில் தொடக்க வகுப்பு பெரும்பாலும் ஆன் ஒன்னில்தான் இருக்கும். எதில் தொடங்கினாலும் பரவாயில்லை. முதல் வருடத்தில் இதைப் பற்றி விவாதம் செய்கிறவர்களிடமிருந்து விலகி நின்று ஆடுங்கள்.

பாட்டைப் பற்றி வகுப்பில் அதிகம் சொல்ல மாட்டார்கள் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். சல்சாவின் வேர் கியூபாவின் சோன், மம்போ, சாசாசா. அவை நியூயார்க்கில் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து குடியேறியவர்கள் கையில் ஜாஸோடு கலந்து வேறொரு உருவம் எடுத்தன. 1964-ல் ஜானி பாச்செகோ என்ற டொமினிக்கன் புல்லாங்குழல்காரரும் ஜெர்ரி மசூச்சி என்ற வழக்கறிஞரும் தொடங்கிய ஃபானியா ரெக்கார்ட்ஸ்தான் அதை சல்சா என்ற பெயரில் உலகம் முழுக்கக் கொண்டுபோனது. செலியா குரூஸ், எக்டர் லாவோ, வில்லி கோலோன் எல்லாம் அந்த நிறுவனத்தில் பாடியவர்கள், வாசித்தவர்கள். இந்தப் பாட்டுக்கு அடியில் கிளாவே என்ற ஒரு தட்டு ஓடிக்கொண்டிருக்கும். எட்டு எண்ணிக்கைக்குள் ஐந்து தட்டு: ஒரு பாதியில் மூன்று, மறுபாதியில் இரண்டு. ஆதி தாளம் போட்டுப் பழகிய கைக்கு எட்டு என்பது வீட்டுச் சொத்து மாதிரி, ஆனால் நான்கு, இரண்டு, இரண்டு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கத்தால் ஆரம்பத்தில் கிளாவே வம்பு பண்ணும். அதை முதலில் பிடிக்க முயலவே வேண்டாம். கோரஸ் வரும்போது ஒரு மணிச் சத்தம் டங் டங் என்று தெளிவாகக் கேட்கும். அது ஒன்று, மூன்று, ஐந்து, ஏழில் விழும். அதைப் பிடித்துக்கொண்டால் அடி தவறாது. கேட்டுப் பழக எல் கிரான் கோம்போ சுலபம்; 1962-ல் புவெர்ட்டோ ரிக்கோவில் தொடங்கிய குழு, தாளம் பளிச்சென்று இருக்கும். ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் நிற்கும்போது போட்டுக் கேளுங்கள். மெட்ரோ வேலை முடியும்வரை உங்களுக்கு நேரத்துக்கா பஞ்சம்!

பரதநாட்டியம் கற்றவர்களுக்கு ஒரு சொல். தாளமும் நினைவாற்றலும் உங்களுக்குப் பெரிய பலம். தட்டடவுதான் தொந்தரவு. பாதத்தை முழுசாகத் தரையில் அறையும் பழக்கம் இங்கே வேண்டாம். முன்பாதத்தில் மெதுவாக எடை மாற்றி, பிறகு குதிகாலை இறக்க வேண்டும். அடியும் சிறிதாக இருக்கட்டும். தோள் அகலத்துக்கு மேல் கால் போனால் அடுத்த அடிக்கு நேரத்தில் திரும்ப முடியாது.

பச்சாட்டாவையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். டொமினிக்கன் குடியரசின் நடனம், மூன்று அடி ஒரு தட்டு, வேகம் குறைவு. யுனெஸ்கோ 2019-ல் அதைப் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. இப்போதைய சோஷியல்களில் சல்சாவுக்குச் சமமாகவோ அதிகமாகவோ பச்சாட்டாதான் ஓடுகிறது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் சல்சா மட்டும் தெரிந்தவர் பாதி இரவு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சோழிங்கநல்லூரிலிருந்து எங்கே போகலாம்? நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டை, அடையாறு, அண்ணா நகர், வேளச்சேரிப் பக்கம்தான் தேட வேண்டும். வேலை நாளில் ஏழு மணி வகுப்புக்கு நுங்கம்பாக்கம் போவேன் என்று சபதம் எடுக்காதீர்கள், இரண்டாவது வாரமே விட்டுவிடுவீர்கள். அடையாறு, திருவான்மியூர், வேளச்சேரியில் ஏதாவது கிடைத்தால் அது கொஞ்சம் சுமாராக இருந்தாலும் அங்கேயே தொடங்குங்கள். நல்ல ஆசிரியர் நகருக்குள்தான் இருக்கிறார் என்றால் சனி, ஞாயிறு பேட்ச் எடுங்கள். திருவான்மியூரில் வண்டியை விட்டுப் பறக்கும் ரயிலில் மயிலாப்பூர் வரை நிம்மதியாகப் போகலாம்.

கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். மாதம் எவ்வளவு என்று பார்க்காமல், ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு விழுகிறது, தவறவிட்ட வகுப்பை வேறு நாளில் ஈடு செய்யலாமா என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். கட்ட வேண்டாம். பாதியில் மூடும் ஸ்டூடியோக்கள் உண்டு, பாதியில் ஆர்வம் போகும் மாணவர்கள் அதைவிட அதிகம். மாதா மாதம் கட்டுங்கள்.

எவ்வளவு நாளில் ஆட வரும் என்றால், வாரம் இரண்டு வகுப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு பாட்டு முழுக்க ஓரளவு தடுமாறாமல் ஆட இரண்டு மூன்று மாதம் ஆகும். ஜோடியை வழிநடத்தி லீட் செய்கிறவர்களுக்குத் தொடக்கம் கடினம், அதைப் பின்பற்றி ஃபாலோ செய்கிறவர்களுக்குப் பிறகு கடினம். லீட் செய்பவர் தாளம், அடுத்து என்ன, பக்கத்தில் யார் மோதப்போகிறார்கள் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். அதனால் பல ஆண்கள் இரண்டாவது மாதத்தில் காணாமல் போகிறார்கள். தாக்குப்பிடித்தால் நான்காவது மாதம் வேறு மாதிரி இருக்கும். ஆனால் சோஷியலுக்குப் போக நான்காவது மாதம்வரை காத்திருக்காதீர்கள். அடிப்படை அடி, வலப்பக்கச் சுழற்சி, ஜோடியை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றும் கிராஸ் பாடி லீட், இந்த மூன்று தெரிந்தால் போகலாம். பல இடங்களில் சோஷியலுக்கு முன் ஒரு சின்ன தொடக்க வகுப்பும் இருக்கும், அந்த நேரத்துக்கே போய்விட்டால் நாலு முகம் பழகிவிடும்.

வாசல் விஷயம். நீங்கள் ஆணா பெண்ணா என்று சொல்லவில்லை, அதனால் இரண்டு பக்கமும் சொல்கிறேன். தனியாக வரும் ஆணைப் பல பப்களில் வாசலிலேயே நிறுத்துவார்கள், ஸ்டாக் என்ட்ரி இல்லை என்பார்கள். முன்கூட்டியே நடத்துபவரிடம் சொல்லிப் பட்டியலில் பெயர் சேர்த்துவிடுங்கள். வாசலில் ஓட்டலின் பெயரைச் சொல்லிப் பயனில்லை, நிகழ்ச்சி நடத்துபவரின் பெயரைச் சொல்லுங்கள். கவர் சார்ஜ் கேட்டால் அது சாப்பாட்டுக்குக் கழியுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஷார்ட்ஸும் செருப்பும் போட்டால் பல ஓட்டல்களில் விடமாட்டார்கள். தமிழ்நாட்டில் மது அருந்த வயது 21 என்பதால் இளையவர்கள் அடையாள அட்டை எடுத்துப் போக வேண்டும். உங்கள் வயதுக்கு யாரும் கேட்க மாட்டார்கள்.

எட்டு மணி என்று போட்டிருந்தால் ஒன்பதுக்குத்தான் சூடு பிடிக்கும். ஆனால் புதியவர்கள் எட்டுக்கே போவது நல்லது. தரை காலியாக இருக்கும், மூத்தவர்களும் அப்போது பொறுமையாக ஆடுவார்கள். மெட்ரோ பதினொரு மணியோடு முடிந்துவிடும், ஓ.எம்.ஆர். திரும்ப வேண்டிய நீங்கள் அதே பக்கம் போகிற ஒருவரைக் குழுவில் பிடித்து வைத்துக்கொண்டால் ஆட்டோக்காரரோடு பேரம் பேசும் தொல்லை இருக்காது. சல்சா நேரம் முடிந்ததும் டிஜே சில நாள் குத்துப்பாட்டுக்கு மாறுவார். அப்போது பார்க்க வேண்டும், அதுவரை இடுப்பையும் எண்ணிக்கையையும் கட்டுப்பாட்டில் வைத்திருந்த அத்தனை பேரும் அவிழ்த்துவிட்ட மாதிரி இறங்குவார்கள். என் அனுபவத்தில் இரவின் சிறந்த பத்து நிமிடம் பல சமயம் அதுதான்.

தரையில் நடந்துகொள்ளும் விதம் பெரும்பாலும் பொதுப்புத்திதான். யாரும் யாரையும் கேட்கலாம், பெண்களும் ஆண்களைக் கேட்கலாம், பெண்கள் லீட் செய்வதும் உண்டு. 'இல்லை' என்றால் காரணம் கேட்கக் கூடாது. கேட்காமல் யாரையும் பின்னால் சாய்க்கக் கூடாது, கழுத்தும் இடுப்பும் போகும். ஆடும்போது பாடம் நடத்தக் கூடாது. இந்த வியாதி ஆறு மாதம் கற்ற ஆண்களுக்குத்தான் அதிகம். அப்புறம் வியர்வை. ஏசி இருந்தாலும் சென்னை சென்னைதான். இரண்டு மாற்றுச் சட்டை, ஒரு துண்டு, ஒரு சின்ன டியோடரண்ட் பையில் இருக்கட்டும். ஈரச் சட்டையோடு அடுத்த ஆளிடம் கை நீட்டுபவரை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்வார்கள், நல்லவிதமாக இல்லை.

பெண்கள் கவனிக்க: பிடி எவ்வளவு நெருக்கம் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். இடது கையை அவர் தோளின் முன்பக்கம் வைத்தால் இடைவெளி தானாக வரும். யாராவது எல்லை மீறினால் பாட்டின் நடுவிலேயே விலகி வந்து நடத்துபவரிடம் சொல்லுங்கள். ஒழுங்கான கூட்டத்தில் அந்த ஆள் அடுத்த வாரம் இருக்க மாட்டார். புகாரைச் சிரித்து மழுப்புகிற இடத்துக்கு மறுபடி போகாதீர்கள். வீடியோ விஷயத்திலும் சேரும்போதே பேசிவிடுங்கள். வகுப்பு முடிவில் எடுக்கும் வீடியோ அன்றிரவே இன்ஸ்டாகிராமில் ஏறும், மறுநாள் அத்தை கண்ணில் படும். வீட்டுக்குச் சொல்லாமல் வருகிறவர்கள் இங்கே நிறைய பேர், அது அவர்கள் பாடு. 'என்னை எடுக்காதீர்கள்' என்று சொன்னால் மதிக்கிற ஆசிரியரா என்பதும் டிரயல் வகுப்பிலேயே தெரிந்துவிடும்.

காலணிக்கு உடனே செலவு செய்ய வேண்டாம். ரப்பர் அடிப்பாகம் உள்ள ஸ்போர்ட்ஸ் ஷூ மட்டும் ஆகாது. பாதம் தரையில் ஒட்டிக்கொள்ள, உடம்பு திரும்ப, முழங்கால் மாட்டிக்கொள்ளும். வழுவழு அடிப்பாகம் உள்ள பழைய ஆபீஸ் ஷூ முதல் மாதத்துக்குப் போதும். பிறகு தொடர்வது உறுதியானால் பெரியமேடு தோல் கடைகளில் ஒரு துண்டு சுவேட் வாங்கி, செருப்பு தைப்பவரிடம் கொடுத்துப் பழைய ஷூவின் அடியில் ஒட்டச் சொல்லுங்கள். இறக்குமதி டான்ஸ் ஷூவின் விலையில் சிறு பங்குதான் ஆகும். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கக் கூடாது, மழை ஈரம் பட்டால் சுவேட் போச்சு. பெண்கள் தொடக்கத்திலேயே ஹீல்ஸ் போட வேண்டியதில்லை. ஆனால் பின்பக்கப் பட்டை இல்லாத செருப்பு வேண்டவே வேண்டாம், மூன்றாவது சுழற்சியில் அது தனியாக ஆடப் போய்விடும்.

பப் பிடிக்காது, குடிக்கிற இடத்துக்கு வரமாட்டேன் என்பவர்களும் தாராளமாக ஆடலாம். ஸ்டூடியோ சோஷியல் என்று சில ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே நடத்துவார்கள். மங்கிய விளக்கு, ஒரு ஸ்பீக்கர், தண்ணீர் கேன், சமோசா. தரையும் பாரைவிட நன்றாக இருக்கும். கற்பதற்கு இதைவிட நல்ல இடமில்லை என்பது என் எண்ணம். பெசன்ட் நகர் கடற்கரையில் நடைபாதைப் பக்கம் ஒரு சின்ன ஸ்பீக்கரோடு ஆடுகிற கூட்டத்தையும் எப்போதாவது பார்க்கலாம். திறந்த வெளியில் இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், போலீஸும் அந்த நேரத்தில் கடற்கரையைக் காலி செய்யச் சொல்லும், ஆகவே அது சாயங்கால விஷயம். மணலில் மட்டும் சுழல வேண்டாம்.

மார்கழியில் சபா கேன்டீன் பக்கம் ஒதுங்கிவிடுகிறவர்கள் சல்சா கூட்டத்திலும் உண்டு. நவம்பர் மழையிலும் வருகை குறையும். அந்த மாதங்களில் சேர்ந்து 'ஆளே இல்லையே' என்று முடிவு கட்டாதீர்கள். கொஞ்சம் ஆட வந்தபின் பெங்களூருக்கு ஒரு வார இறுதி போய் வாருங்கள். அங்கே லார்ட் விஜய் போன்றவர்கள் நீண்ட காலமாக நடத்தும் ஸ்டூடியோக்களும், வெளிநாட்டு ஆசிரியர்கள் வந்து பட்டறை நடத்தும் பெரிய விழாக்களும் உண்டு. விழாவுக்குத் தனியாகப் போவதைவிடச் சென்னைக் கூட்டத்தோடு போனால் அறை வாடகையும் பகிரலாம், பழகாத தரையில் முதல் பாட்டுக்கு ஆடத் தெரிந்த முகமும் இருக்கும்.

இப்போதைக்கு இரண்டு ஆசிரியர்களுக்கு இந்தச் செய்தியை அனுப்புங்கள்: 'வணக்கம், நான் புதியவர், ஜோடி இல்லை, ஓ.எம்.ஆரில் இருக்கிறேன். உங்கள் தொடக்க பேட்ச் எப்போது, டிரயல் வகுப்பு உண்டா, வகுப்பில் ஜோடி மாற்றுவீர்களா, அடுத்த சோஷியல் எங்கே?' நான்கு கேள்விக்கும் யார் நேராகப் பதில் சொல்கிறாரோ அவரிடம் முதலில் போங்கள்.